சுவருக்குள் ஒரு முனகல்

சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது, மேடம். பின்னால் ஒரு முழமாவது இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கனத்த ஒலியெல்லாம் சுவரில் முட்டித் தலைக்குப் பின்னால் தேங்கிவிடும். வீட்டில் ஹோம் தியேட்டர் வைப்பவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு அது என்று என் கணவர் சொல்வார். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த அறையிலிருந்தே தொடங்குகிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். படம் என்றால் அவருக்கு உயிர். கடையில் முழு செட்டாக வாங்க எங்களுக்கு வசதியில்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்று துண்டு துண்டாகச் சேர்த்தார். இடிக்கப்போகும் ஓட்டல் ஒன்றில் லிஃப்டைக் கழற்றப் போனவர், கூரையில் கிடந்த நான்கு சின்ன ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி வந்தார். நடு ஸ்பீக்கர் பழைய டிவியின் வயிற்றிலிருந்து வந்தது. ஆம்ப்ளிஃபயர் இரண்டு கை மாறி வந்தது. கனத்த ஒலி தரும் சப்வூஃபருக்கு, எங்களுக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் அலமாரி செய்து மிஞ்சிய பலகையில் பெட்டி அடித்துக் கொடுத்தார். எதிரொலியைக் குறைக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சும் முட்டை அட்டைகளும் ஒட்டினோம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கோழிப் பண்ணை வைக்கப் போறியா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் மகளுக்கு நாலரை வயது. உருண்டையாக இருப்பாள், பட்டாணி என்று கூப்பிடுவோம். அவளைச் சோஃபாவின் நடுவில் உட்காரவைத்து, அவள் காது உயரத்தை அளந்துதான் ஸ்பீக்கர்களை மாட்டினார். பிறகு யாரோ நடக்கிற காலடிச் சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடவிடுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப பின்னாடி வர்றாங்க, இப்ப கதவுகிட்ட" என்று கை நீட்டுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. "பாம்புச் செவி இவளுக்கு" என்று தூக்கிச் சுற்றுவார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பின்புறம் தரையோடு இருந்த தண்ணீர்த் தொட்டியில் வால்வு கெட்டிருந்தது. பிளம்பர் வந்து மூடியை நகர்த்தி வைத்துவிட்டு, புது வால்வு வாங்கக் கடைக்குப் போனார். என் கணவர் அறையின் ஒலியை அளந்துகொண்டிருந்தார். ஒரு சின்ன மைக்கை நடுவில் நிறுத்தி, அடித்தொண்டை உறுமலில் தொடங்கி விசில்வரை ஏறும் ஒரு சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் விட வேண்டும். மைக் கேட்பதை லேப்டாப் பதிவு செய்யும். அந்தச் சத்தம் காதைக் குடையும் என்பதால் அவர் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார். நான் பக்கத்து அறையில் தையல் மெஷினில் இருந்தேன். அவருடைய சன்னலுக்குக் கறுப்புத் திரை தைத்துக்கொண்டிருந்தேன். திரை இன்னும் மாட்டாததால் சன்னல் திறந்தே கிடந்தது. பட்டாணி பின்புறம் விளையாடிக்கொண்டிருந்தாள்.

பிளம்பர் திரும்பி வந்துதான் அவளைத் தண்ணீரில் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். மெஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் கணவரும் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். பிளம்பர் என் காலருகே உட்கார்ந்து அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மூன்று மாதம் அந்த அறைக் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் வேலை விட்டு வந்த என் கணவர் நேரே உள்ளே போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சோஃபாவின் நடுவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே டிவி அணைந்திருக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் ஓடும். அது ஓடினால் ஸ்பீக்கர்களில் ஒரு முனகல் கேட்கும்.

"எர்த் சரியில்ல. சுவத்துக்குள்ள வயர் போயிருக்கும், அதான் முனகுது" என்றார்.

அவர் அப்படித்தான் சொன்னார். எனக்கு அது வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை பேச முயல்வதுபோல் இருந்தது. சமையலறையில் நின்றால் பின்னாலிருந்து வரும். குளியலறைக்குப் போனால் கதவுகிட்ட வரும். அவர் அணைத்த பிறகும் வரும். காதைப் பொத்தினால் இன்னும் கிட்டே வரும்.

சென்ற மாதம், அவர் வேலைக்குப் போயிருந்தபோது, பட்டாணியின் படங்களைப் பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு அதில் இருந்தது. போட்டேன். முதல் ஸ்பீக்கரின் சத்தம் ஏறி முடிந்ததும் கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில், சன்னலுக்கு வெளியே என் மகள் கூப்பிடுகிறாள்.

"வந்து பாரேன். உள்ள ஒரு பாப்பா இருக்கு."

தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். பிறகு இரண்டாவது ஸ்பீக்கரின் சத்தம் ஏறுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஏதோ ஒன்று விழுவது கேட்கும். தெரிந்து கேட்டால்தான் கேட்கும்.

சன்னல் அவர் தலைக்கு நேரே இருந்தது, மேடம். மகள் உயரத்துக்கு ஸ்பீக்கர் மாட்டிய மனுஷர், மகள் குரலைக் கேட்கவில்லை. பெற்றவருக்குப் பஞ்சு ஒரு சாக்கா என்று அன்று முழுக்க யோசித்தேன். அவர்தான் கேட்டிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். அதன் பிறகு என் மனம் அமைதியாகிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

அடுத்த ஞாயிறு காலை அவரிடம், "ஏங்க, அந்த முனகல என்னால தாங்க முடியல. இன்னைக்கே சரி பண்ணிடுங்க" என்றேன்.

"சரி. எனக்கும் நீ படுற பாடு தெரியுது" என்றார்.

ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டைக் கழற்ற உட்கார்ந்தார். வேலை செய்யும் இடத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வயரைத் தொடமாட்டார். வீட்டில் நான் சொன்னால் போதும். விசிறிச் சத்தம் ஒலியைக் கெடுக்கும் என்று அந்த அறையில் விசிறியும் இல்லை. பகல் என்பதால் விளக்கும் எரியவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

"மெயின ஆஃப் பண்ணிட்டியாம்மா?"

நான் மெயின் சுவிட்சுக்கு அடியில்தான் நின்றிருந்தேன். கையை உயர்த்தக்கூட இல்லை.

"பண்ணிட்டேன்."

விபத்து என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் தலைல மட்டும் ஏம்மா இப்படி மாறி மாறி விழுது" என்று அழுதார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பதினோரு நாள் கழித்து நானாகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். காலையில் நீங்கள், "தண்டனை குடுக்கணும்னா புகார் குடுத்திருக்கலாமே, இல்ல அவர்கிட்டயாவது கேட்டிருக்கலாமே" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

பட்டாணி யாரைக் கூப்பிட்டாள் என்று நான் எழுதவில்லை. அப்பா என்று அவள் கூப்பிடவில்லை. "அம்மா, வந்து பாரேன்" என்றுதான் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதும் மெஷின் நிற்பது அந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கிறது. பிறகு என் குரல்.

"இரு, இந்த ஓரத்த முடிச்சிட்டு வர்றேன்."

பிறகு மெஷின் மறுபடி ஓடுகிறது.

லேப்டாப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில், அதை எத்தனை முறை கேட்டது என்று ஒரு எண் இருக்கும். நான் முதல்முறை போடுவதற்கு முன்பே அங்கே நூற்றுப் பதினெட்டு என்று இருந்தது. தினமும் சாயங்காலம் சோஃபாவில் உட்கார்ந்து அவர் அதைத்தான் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு எழுந்து வந்து, நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறை மாமியார் எல்லோர் முன்னாலும், "உனக்குக்கூடவா புள்ள சத்தம் கேக்கல?" என்று என்னைக் கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் அவர்தான், "மெஷின் சத்தத்துல எப்படிம்மா கேக்கும், அவள விடு" என்றார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் தெரிந்த ஒருவரோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கையை ஓங்கியிருக்கலாம். ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் என்னைத் திட்டியிருந்தால், இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார், மேடம்.