மூன்றாவது திருத்த மனு

“பேப்பரைக் கொடுத்தப்புறம் விடையை மாத்தி எழுதலாமாப்பா?” என்று என் மகள் ஏழு வயதில் ஒருமுறை கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கூடாது, கோர்ட்டில் கூடும் என்றேன். அனுமதி கேட்க வேண்டும், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் வக்கீல். பிரார்த்தனை செய்யாமல் ஒருநாளும் வீட்டுப் படி இறங்கியதில்லை. நீங்கள் கேட்கும் வழக்கில் விடுதி முதலாளி ஒருவருக்காக ஆஜரானேன். அவருக்கு நூற்றிருபது இரும்புக் கட்டில் செய்து கொடுத்த வெல்டர், பணம் வராமல் வழக்குப் போட்டிருந்தார். பட்டறையை அடமானம் வைத்துத்தான் இரும்பு வாங்கியிருந்தார். தோற்றால் பட்டறை போய்விடும், மகளோடு தெருவில் நிற்க வேண்டும். ஒப்பந்தம் வாய்வார்த்தை. பேசியபோது வேறு யாரும் இல்லை. அவர் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

சாட்சி விசாரணைக்கு நாள் குறித்த அன்று, கோர்ட் வராந்தாவில் இருமி இருமிச் சரிந்தார். ஓடிப்போய்த் தாங்கியவன் நான்தான். என் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

“நீங்க மகனா?”

நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

“நுரையீரல் மொத்தமும் போயிடுச்சு. மூணு மாசம் தாங்கினா பெரிசு. தங்கச்சிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.”

மருந்துப் பையோடு படியேறி வந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மனம் வரவில்லை.

“ஒண்ணுமில்லம்மா, ஓய்வெடுத்தா போதுமாம்.”

“உங்களைத் திட்டாத நாளில்ல சார். மன்னிச்சிடுங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாகக் கிடக்கும் சாட்சியை முன்கூட்டியே விசாரிக்கச் சட்டத்தில் வழி உண்டு. அவர் நிலைமை தெரிந்திருந்தால் அவர்களுடைய வக்கீல் மறுநாளே மனுப் போட்டிருப்பார்.

அடுத்த வாரம் எங்கள் பதிலுரையைத் திருத்த அனுமதி கேட்டேன். கட்டில்கள் எடை குறைவு என்று சேர்த்தேன். பிறகு, தாமதமாக வந்தன என்று. மூன்றாவதாக, ஆர்டர் கொடுத்தது முதலாளியே அல்ல, மேலாளர் என்று. ‘உரிய அக்கறை காட்டியும் இது முன்பே தெரியவரவில்லை’ என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் வெல்டருடைய சாட்சியம் தள்ளிப்போனது.

அவர் வந்தால் பெஞ்சில் இடம் பிடித்துத் தருவேன். வெந்நீர் வாங்கித் தருவேன்.

“உங்க பதிலுரை என் இருமல் மாதிரி சார்,” என்று ஒருநாள் சிரித்தார். “முடிஞ்சுதுன்னு நினைச்சா மறுபடி ஆரம்பிக்குது. என்னை எப்பத்தான் பேச விடுவீங்க?”

“சீக்கிரம்ணே,” என்றேன்.

மூன்றாவது மனுவை அனுமதித்த நீதிபதி, தாமதத்துக்காக முதலாளி வெல்டருக்குச் சிறு தொகை வழக்குச் செலவாகத் தர வேண்டும் என்றார். ஆறாம் நாள் வெல்டர் இறந்தார். மகள் வழக்கைத் தொடரவில்லை. பட்டறை ஏலத்தில் போனது.

இப்போது நான் வாதாட எழுந்தால் பின்வரிசையில் இருமல் கேட்கிறது. வேறு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டுப் பேசுகிறேன். பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை அது.

மறைக்க ஒன்றுமில்லை. அவருக்கு மிச்சமிருந்த நாள்களை எண்ணித்தான் அந்த மனுக்களைப் போட்டேன். ஆனால் நோயைக் கொடுத்தது நானல்ல. அனுமதி கொடுத்தது கோர்ட்.

செலவுத் தொகையை யாரும் கேட்கவில்லை. முதலாளி மறந்தே போனார். ஒரு மத்தியானம் அந்தப் பெண் குடியேறியிருந்த வாடகை அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. என் சொந்தப் பணத்தை உறையிலிட்டு, பெயர் எழுதாமல், கதவுக்கு அடியில் தள்ளினேன். சற்று நேரம் தலைகுனிந்து இறந்தவருக்காகப் பிரார்த்தித்தேன்.

அந்தக் குடும்பத்துக்கு நான் தரவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.