அங்கே வாசித்துக் காட்டியாச்சா?

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எங்கள் பயிற்சி மையத்தின் இந்நாள், முன்னாள் மாணவர்களே, இரண்டு பேருந்து மாறி மலைக்குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

பேராசிரியர் அம்மையார் நம்மை விட்டுப் போய் இன்று பதினோரு நாள். பழங்குடி மக்களின் உடல்நலத்துக்காக ஆய்வாளர்களை உருவாக்கிய அந்தப் பெருமாட்டிக்கு, மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'பேனாமூடி'! குடியிருப்புக்குள் கால் வைத்ததும், "மொதல்ல பேனாவ மூடு, காதத் தொற" என்பார். முதல் மாதம் முழுக்கக் கேள்வித்தாளை நீட்டவே விடமாட்டார். "ஆராய்ச்சி பண்ணப் போனேன், தண்ணிக்குடம் தூக்குறேன்" என்று வீட்டில் புலம்பியவன் நான்.

அவருக்கு அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? அவரே சொல்லியிருக்கிறார். இளம் வயதில் இந்தத் தாய்மார்களின் குடியிருப்பில்தான் ரத்தம் எடுத்தார். சோகை பற்றிக் கட்டுரை எழுதினார். பாராட்டு குவிந்தது, பதக்கம் வந்தது. இரண்டு வருடம் கழித்து அங்கே போனபோது ஒரு தாய் வழிமறித்துக் கேட்டார்: "எங்க ரத்தம் என்ன சொல்லுச்சும்மா? யாருமே வந்து சொல்லலையே."

அதற்குள் அந்தத் தாயின் மூத்த மகள் பிரசவத்தில் இறந்திருந்தாள். அவள் உடம்பில் ரத்தம் மிகக் குறைவு என்பது கட்டுரையின் அட்டவணையில், பதினேழாவது வரியில் இருந்தது. படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அவள் வீட்டுக்குத்தான் தெரியவில்லை!

அன்று பிறந்ததுதான் நம் மையத்தின் விதி: ஆய்வு முடிவை முதலில் மக்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பிறகே அச்சுக்கு. அந்தத் தாயின் இளைய மகளையே பயிற்சிக்கு அழைத்தார் அம்மையார். "எங்க அக்காவ வெறும் நம்பரா எழுதின எடத்துல நான் என்னத்தப் படிக்க?" என்று கேட்டாராம் அவர். "என்னை மாதிரி ஆகாம இருக்கப் படி" என்றாராம் அம்மையார். இதோ, மேடையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் நம் தலைமைப் பயிற்றுநர் அவர்தான்.

இனி நான் சொல்லப்போவது புகழுரை அல்ல. அம்மையார் மருத்துவமனையில் இருந்தபோது எங்கள் கடைசி ஆய்வு முடிந்தது. குடியிருப்புக் குழந்தைகளின் தீராத இருமலைப் பற்றியது. கண் மூடுமுன் அச்சில் பார்க்கட்டுமே என்று, குடியிருப்பில் வாசித்துக் காட்டாமலே கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஏற்றுக்கொண்டதாக வந்த கடிதத்தை அம்மையாரிடம் காட்டினேன். அதை அவர் கையில்கூட வாங்கவில்லை. "அங்க வாசிச்சுக் காட்டியாச்சாப்பா?" என்றார்.

"ஆச்சும்மா" என்றேன்.

என் கையைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் போய்விட்டார்.

ஐயோ! அந்தப் பொய்யை இனி எங்கே போய்த் திருத்துவேன்? யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்?

தாய்மார்களே, உங்களிடம்தான் கேட்க வேண்டும். இன்று காலை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். நாளை நாங்கள் எல்லாரும் உங்களோடு பேருந்து ஏறுகிறோம். ஒவ்வொரு பிள்ளையின் பரிசோதனை முடிவையும் அந்தந்த வீட்டில் உட்கார்ந்து சொல்வோம். தப்பு என்றால் திருத்துவோம். வேண்டாம் என்றால் கட்டுரையையே கிழித்துப் போடுவோம். இந்த மையத்தின் கதவு திறந்திருக்கும் வரை இப்படித்தான் நடக்கும் என்று அம்மையாரின் படத்தின் முன் உறுதி...

என்னம்மா? எழுந்து நிற்கிறீர்களே? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"நாளைக்கு எதுக்குப்பா? எம் பொண்ணு ராத்திரியெல்லாம் இருமுது. அவளுக்கு என்னன்னு இப்பவே சொல்லேன்."

அவையோரே, மன்னியுங்கள். என் உரை இங்கேயே நிற்கட்டும். இதோ இறங்கி வருகிறேன் அம்மா.