மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்

ஜொகூர் மாநிலத் தமிழ்ப் பெருமக்களுக்கும், தெப்ராவ் வட்டாரப் பிரமுகர்களுக்கும், பிரமுகராகும் உத்தேசத்தில் வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருப்பவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: ராஜசேகரனாகிய நான் இந்தப் பத்தொன்பது வருடத் தொழிலில் ஒரு படிவத்தைக்கூடத் தவறாக நிரப்பியது கிடையாது.

இதற்காக யாரும் பட்டாசு வெடிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பின்னால் சொல்லப் போகிற விஷயத்துக்கு அது தேவைப்படும்.

என் கடை தெப்ராவில், கைப்பேசிக் கடைக்கும் ரொட்டி சானாய் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழில் விட்டுப்போன அப்பா பெயர், எதுவானாலும் எழுதித் தருவேன். முன்பு அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால், ஓர் அதிகாரி ஒரு வரியை எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். வருகிறவர்கள் அந்தக் குறியை மட்டும்தான் பார்ப்பார்கள். "படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்" என்று சொன்னவர்கள் இத்தனை வருடத்தில் மூன்று பேர். அவர்களைக் கடையிலிருந்த மற்றவர்கள் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பெரிய மனுஷனிடம் வந்துவிட்டு அவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பது நம் மக்களின் எண்ணம். நல்ல பழக்கம். எனக்கு அது ஒருபோதும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

நான் பெரிய மனுஷன்தான். கோயில் செயலாளர். பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் தலைவர். மூத்த குடிமக்கள் மன்றத்துக்கு, வயது வருவதற்கு முன்பே, ஆலோசகர். போர்த்த ஒருவர், படமெடுக்க ஒருவர், கைதட்ட ஒருவர் இருந்தால் நம்மவர்கள் எங்கேயும் விழா நடத்திவிடுவார்கள். அந்த விழாக்களில் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ஒன்றுகூடக் குளிருக்கு உதவாது. போன வருடக் கடைசியில், சமூக சேவைக்கான ஒரு பதக்கத்துக்கு என் பெயர் போயிருப்பதாகச் சொன்னார்கள். மார்பில் குத்திக்கொள்ளும் வகை. போலீஸ் பின்னணி விசாரிக்கும் என்றார்கள். விசாரிக்கட்டும் என்றேன். என் பின்னணி துவைத்த வேட்டி மாதிரி இருக்கும். துவைத்தது நானில்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி செல்லப்பன், இரண்டு பஸ் மாறி, காஹாங்கிலிருந்து வந்தான்.

செல்லப்பன் எனக்கு நான்கு வயது இளையவன். பார்க்கிறவர்கள் பத்து வயது மூத்தவன் என்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்தே வேலை செய்ததில் கழுத்து லேசாகப் பின்னால் சாய்ந்தபடி நின்றுவிட்டது. யாரிடம் பேசினாலும் மேலே பார்த்து வேண்டிக்கொள்வது போலிருக்கும். அவன் மனைவி புஷ்பவள்ளி கோவிட் வருடத்தில் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் ஒரே மகள், லோஷினி. கனடாவுக்குத் தாதியர் படிப்புக்குப் போய், அங்கேயே தீபன் என்ற, நம் ஜொகூரின் ரெங்கம் ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டவள். இருபத்து நான்கு வயது. ரத்தத்தில் புற்றுநோய். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அவள் கேட்டதே பெரிய விஷயம். பதினைந்து வயதிலிருந்து அவள் அப்பாவோடு சரியாகப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ அவளை 'கொலைகாரன் மகள்' என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "நீங்கதான் லாரி ஓட்டினீங்களா?" என்று நேராகக் கேட்டாள். செல்லப்பன் "ஆமா" என்றான்.

"மூணு மாசம்தான்னு சொல்றாங்கண்ணே," என்றான் என்னிடம். "நீதான் விசா போட்டுத் தரணும்."

"போட்டுடலாம் லா. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சுலபம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். எந்த நாட்டிலாவது நீங்கள் குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் கீழே விவரம் எழுத வேண்டும்.

செல்லப்பன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். "உள்ள இருந்தேன், அத எழுதிடலாம். ஆனா நான் செய்யலையேண்ணே. விவரத்துல என்னன்னு எழுதறது?"

சந்தேகம்தான் கேட்டான். அவன் குரலில் குத்தல் இல்லை. இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அது எப்படி ஒரு மனிதனால் முடியும் என்று நானே சில சமயம் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

"இன்னொண்ணுண்ணே," என்றான். "அவகிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணும். நான் ஓட்டலன்னு மட்டும். உன் பேரு வராது, சாமி சத்தியமா. அப்பன் கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டே அவ போயிடக் கூடாதுல்ல."

அந்த லாரியில் இருந்தது இரண்டு பேர். லோஷினி கணக்கில் கெட்டிக்காரி. இரண்டில் ஒன்றைக் கழிக்க அவளுக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

அந்த விபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் பெரிதுபடுத்துவதில் யாருக்கும் பயனில்லை. ரெங்கத்தில் ஒரு கல்யாணம். நான் பீர் குடித்திருந்தேன். செல்லப்பன் சாப்பாடு மட்டும் சாப்பிட்டிருந்தான். தோட்டத்து லாரியை நான் ஓட்டினேன். காஹாங் போகிற சாலையில், மாலை நேரம், நல்ல மழை. வெள்ளையம்மா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எங்கள் அம்மாவோடு சேர்ந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எனக்குக் குமாஸ்தா வேலைக்குக் கடிதம் வந்து, அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டியிருந்தது. அதைச் செல்லப்பனுக்கு எடுத்துச் சொன்னேன். ஒருத்தன் மேலே வந்தால் இன்னொருத்தனைக் கைதூக்கிவிடலாம் என்றேன். அவன் அழுதான். பத்தொன்பது வயதுதானே. நான் கோபப்படாமல் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு இடம் மாறி உட்கார்ந்தோம்.

அந்தப் பத்து நிமிடமும் வெள்ளையம்மா உயிரோடு இருந்தார். தண்ணீர் கேட்டார் என்று செல்லப்பன் பிற்பாடு சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள். நான் மாதம் தவறாமல் சிறைக்குப் போய்ப் பார்த்தேன், முதல் நான்கு மாதம். அவன் வெளியே வந்த பிறகு எந்த வண்டியும் ஓட்டவில்லை. இன்றைக்கும் சைக்கிள்தான். கைதூக்கிவிடுவது பற்றி நாங்கள் மறுபடி பேசிக்கொள்ளவில்லை.

சரி, படிவத்துக்கு வருவோம். ஆம் என்று போட்டிருந்தால், பழைய கேஸ், வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு நல்ல கடிதம் வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட கடிதங்களை நாற்பது பேருக்காவது எழுதியிருக்கிறேன். பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள். மகள் மரணப் படுக்கையில் என்றால் எந்த அதிகாரிக்கும் மனம் இளகும். செல்லப்பன் போயிருப்பான். போய், சொல்லியிருப்பான். சாகப் போகிறவளிடம் சொன்னது அவளோடு போய்விடுமே என்று நீங்கள் நினைக்கலாம். பக்கத்தில் தீபன் இருப்பான். தீபனின் அம்மா ரெங்கத்தில் இருக்கிறார். ரெங்கத்தில் ஒருவருக்குத் தெரிந்தது தெப்ராவ் கோயில் அன்னதான வரிசைக்கு வந்து சேர இரண்டு வெள்ளிக்கிழமை போதும். பதக்கம் மூன்றாவது வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காது.

ஆகவே 'இல்லை' என்ற கட்டத்தில் குறி வைத்தேன்.

அது மட்டும் போதாது. சில சமயம் 'இல்லை' என்று போட்டவர்களும் யாரும் கவனிக்காமல் போய் வந்துவிடுகிறார்கள். அதனால் அவன் பேரில் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். முதலிலேயே கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டால் கொடுத்தால் போதும். அது வர ஐந்து வாரம் ஆயிற்று. அதில் அவனுடைய தண்டனை தெளிவாக அச்சாகியிருந்தது. படிவத்தில் 'இல்லை', அதன் பின்னால் 'ஆம்' என்கிற சான்றிதழ். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பினேன். குற்றவாளிக்காவது இரக்கம் கிடைக்கும். பொய்யனுக்குக் கிடைக்காது. பென்சில் குறி போட்ட இடத்தில் செல்லப்பன் கையெழுத்துப் போட்டான். வலது கைப் பெருவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பேனாவை இறுக்கிப் பிடித்து, நிதானமாகப் போட்டான். "தேங்க்ஸ்ண்ணே" என்றான்.

அந்த நாட்டு அதிகாரிகள் நம்மைப் போலில்லை. மறுப்பதற்கு முன்னால் கேட்கிறார்கள். 'உங்கள் பதிலும் சான்றிதழும் முரண்படுகின்றன, விளக்கம் தரலாம்' என்று மின்னஞ்சல் வந்தது. ஏழு நாள் அவகாசம். தொடர்பு முகவரி என்னுடையது. தினமும் காலையில் திறந்து பார்த்தேன். மரியாதையான கடிதம். எட்டாம் நாள் அதைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நடுவில் ஒருமுறை தீபன் கூப்பிட்டான். "பெரியப்பா, நான் இங்க ஒரு வக்கீலப் பாக்கவா?"

"வேணாம் தம்பி. ரெண்டு பேர் கை வெச்சா காரியம் கெட்டுடும்."

மறுப்புக் கடிதம் வந்தது. பொய்த் தகவல் தந்ததால் ஐந்து வருடத்துக்கு உள்ளே வர முடியாது. அதைச் செல்லப்பனிடம் சொல்லும்போது ஐந்து வருடத்தை விட்டுவிட்டேன். அவளுக்கு ஐந்து வாரம்கூட இல்லை.

"என் பழைய கேசுதானேண்ணே காரணம்?"

"ஆமாம்," என்றேன்.

அவன் ரொம்ப நேரம் மேஜையில் இருந்த ஸ்டாப்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் தோளில் கை வைத்தான். "நீ ஏண்ணே மூஞ்சிய இப்படி வெச்சிருக்க. நீ எவ்வளவோ அலைஞ்சிட்ட."

அவனிடம் இருப்பது பட்டன் போன். அதனால் லோஷினியின் முகத்தைப் பார்க்க என் கடைக்குத்தான் வர வேண்டும். கடைசியாக அப்படிப் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. திரையில் தலைமுடி இல்லாமல், சின்ன வயதில் மொட்டையடித்தபோது இருந்த மாதிரியே இருந்தாள். செல்லப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். கழுத்து சாய்ந்தவன் என்பதால் கேமராவில் அவன் முகவாய்தான் தெரிந்தது. நான் திரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

"அப்பா, நேர்ல வந்து என்னமோ சொல்றேன்னீங்களே," என்றாள். மூச்சு வாங்கியது. "இப்பவே சொல்லுங்கப்பா."

செல்லப்பன் திரும்பி என்னைப் பார்த்தான்.

ஒரு வார்த்தை வேண்டியதில்லை. தலையை லேசாக அசைத்திருந்தால் போதும். அவன் அனுமதிக்காகக் காத்திருந்தான். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். கோயில் கூட்டம் பதினெட்டாம் தேதி என்று வட்டம் போட்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா," என்றான் செல்லப்பன். "சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"சாப்பிட்டேன்மா. நல்லாச் சாப்பிட்டேன்."

"பரவால்லப்பா," என்றாள் அவள். "நீங்க யாரையோ இடிச்சத நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அதச் சொல்லத்தான் உங்கள வரச் சொன்னேன்."

செல்லப்பன் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டான். இரண்டு கையையும் கூப்பி வாங்கிக்கொண்டான். எனக்கு வர வேண்டியது அது. அதையும் என் முன்னாலேயே அவன் வாங்கிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் இறந்துபோனாள். தீபனுக்குக் குடியுரிமைக் காகிதங்கள் பாதியில் நிற்பதால் அவனால் நாட்டை விட்டு வர முடியாது. அஸ்தியை வாங்கிவர வீட்டு ஆள் யாராவது வர வேண்டும் என்றான்.

"நீ போயிட்டு வாண்ணே," என்றான் செல்லப்பன். ஒரு பாக்கெட் கச்சாங் பூத்தே கடலை கொண்டுவந்திருந்தான். சின்னதில் அவள் விரும்பிச் சாப்பிட்டதாம். அவள் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னான். "பெரியப்பன் போறது அப்பன் போற மாதிரிதானே."

கம்ப்யூட்டரைத் திறந்து என் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். அவன் பக்கத்து நாற்காலியில் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் பக்கம் வந்தது. அதே கேள்வி. அவன் அதைப் பார்த்தான். அந்தப் பக்கம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டான். பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று போயிருப்பான்.

'இல்லை' என்ற கட்டத்தில் குறி வைத்தேன். பதினோராம் நாள் விசா வந்துவிட்டது.