பயத்தோடு ஏறியவர்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி, பிள்ளைகளே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே வேலைத்தளத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் மூத்த கிரேன் ஓட்டுநர், நாம் செல்லமாக 'மேல்வீட்டுக்காரர்' என்று கூப்பிட்ட அண்ணன், நம்மை விட்டுப் போய்விட்டார். மூன்று வாரமாக அந்த இருக்கை காலி. நாளை யார் ஏறுவது என்று நிர்வாகம் இன்றைக்குள் பெயர் கேட்டிருக்கிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

அண்ணன் தைரியசாலி என்று நினைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? முந்நூறு படி ஏணியில் தினமும் ஏறுகிறவரை வேறென்ன நினைப்பது? ஒருநாள் காலை அவருடைய வாக்கிடாக்கி பொத்தான் சிக்கிக்கொண்டது. அவர் மேலே ஜெபிப்பது தளம் முழுக்கக் கேட்டது.

"ஆண்டவரே, கீழ பாத்தா பயமா இருக்கு. நேத்து மாதிரி இன்னைக்கும் கூட இருங்க. பசங்க தலைக்கு மேல பாரம் போகுது. அந்தக் கொடி காட்டுறவன் வேற பராக்குப் பாத்துக்கிட்டு நிப்பான், அவனையும் பாத்துக்கங்க."

கீழே நின்று கிரேனுக்குச் சைகை செய்யும் அந்தக் கொடி காட்டுபவன் நான்தான். ஒரு வாரம் என் மானம் போனது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "என்னண்ணே, இருபது வருஷமா பயந்துக்கிட்டா ஏறுறீங்க?"

"ஆமாண்டா. பயத்தை எடுத்துடுங்கன்னு நான் கேட்டதே இல்ல. கூட வாங்கன்னுதான் கேப்பேன்."

ஆண்டவரை நம்பினார் என்பதற்காகக் கொக்கியைப் பார்க்காமல் விட்டாரா? ஒருநாளும் இல்லை. ஒருமுறை, பாரம் நழுவாமல் இருக்கப் போடும் கொக்கியின் பூட்டைப் போடாமலே தூக்கச் சொல்லிவிட்டேன். "நீங்கதான் ஜெபம் பண்ணிட்டீங்களே" என்று இளித்தேன். அத்தனை படியும் இறங்கி வந்தார், பூட்டைத் தன் கையால் மாட்டினார், மறுபடி ஏறினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உடம்பு முடியாமல் மருத்துவமனையில் கிடந்தபோது, அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் முன் என்னைக் கூப்பிட்டார். "பயமா இருக்குடா. ஒரு ஜெபம் பண்ணு." எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ஆண்டவரே, அண்ணன்கூட இருங்க" என்றேன், அவ்வளவுதான் வந்தது. "போதும், பூட்டு விழுந்துடுச்சு" என்று சிரித்தார். அதன் பின் ஒன்பது நாள் எங்களோடு பேசிச் சிரித்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்தபடி நிம்மதியாகப் போனார். நல்ல சாவு. எனக்கு அழுகை வந்தது, ஆனால் மனம் நிறைந்துதான் இருந்தது.

இப்போது அந்தப் பெயர் விஷயம். தோழர்களே, கிரேன் ஓட்டும் உரிமம் என்னிடம் நான்கு வருடமாக இருக்கிறது. ஏறச் சொன்ன போதெல்லாம் முட்டி வலி என்று தட்டிக்கழித்தேன். நீங்களும் பாவம், தைலம் வாங்கிக் கொடுத்தீர்கள். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பயம். அண்ணனுக்குத் தெரியும், ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

தலைவரே, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி, அவர் இருக்கையை நான் காலியாக விடமாட்டேன். நாளைக் காலை ஏணியில் பாதியில் நான் நின்றுவிட்டால் யாரும் கேலி பண்ணாதீர்கள். ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, மீதிப் படிகளை ஏறிவிடுவேன்.