ஞாயிறு மதியத்துப் பரிந்துரை

என் நிகழ்ச்சியை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கண் செருகிக் கிடக்கும் நேரத்தில் வானொலியில் வரும். வெளியே அதிகம் தெரியாத பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் அதில் பரிந்துரைப்பேன், வாரத்துக்கு ஒருவராக. இன்ன வகை இசை என்ற பாகுபாடு எனக்குக் கிடையாது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கடையில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவர், பேருந்து நிலையத்தில் ராப் பாடிய இரட்டையர், துணி துவைக்கும் மெஷினின் ஓசையைப் பிடித்து அதை வைத்தே பாட்டு அமைத்த கல்லூரிப் பெண், சாக்ஸபோனைத் தூக்கத்தில் முனகுவது போல வாசித்த ஓய்வுபெற்ற குமாஸ்தா. எல்லோரையும் முதலில் சொன்னது நான்தான். பிழைப்புக்கு ஒரு சின்ன அரங்கத்தில் சவுண்ட் பார்க்கிறேன். அங்கேயே அவர்களை மேடையேற்றவும் செய்வேன்.

பரிந்துரைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் சொல்வதை நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள். அப்புறம் நாற்பது பேர். அக்கார்டியன்காரர் இப்போது பெரிய ஹோட்டல்களில் அதே நாலு பாட்டை வாசித்துத் தொப்பை வளர்க்கிறார். இரட்டையர் ஒரு பற்பசை விளம்பரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். கல்லூரிப் பெண்ணிடம் மெஷின் ஓசை இப்போது இல்லை, பின்னால் ஆடுவதற்கு ஆறு பேர் இருக்கிறார்கள். குமாஸ்தா மட்டும் செத்துப்போனதால் தப்பித்தார். அது இயற்கையான சாவு, நீங்கள் குறித்துக்கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்தவனுக்காவது போய்ப் புகார் சொல்ல ஓர் இடம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

தையல்காரியின் கடை எங்கள் அரங்கத்துக்குக் கீழ்த் தளத்தில் இருந்தது. திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைப்பாள். அவளுடைய கணவர் எங்கள் அரங்கில் டிரம்ஸ் வாசிப்பவர். சின்னதாக ஒரு மகள். மெஷினை மிதித்துக்கொண்டே தையல்காரி பாடுவாள். மெஷின் சத்தத்துக்கு மேலே போகாமல், அதற்குக் கீழேயே ஒதுங்கிப் போகும் குரல். படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவள் பாடி நிறுத்தும்வரை எழுந்திருக்கவில்லை.

மேடை என்றால் அவளுக்கு நடுக்கம். பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன். மேடையில் பாடுகிறவர்களுக்குச் சுற்றியிருக்கும் இரைச்சலில் தங்கள் குரலே கேட்காது. அதற்காகக் காதுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவோம். அதில் எது கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதெல்லாம் அரங்கின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் என் விரலில் இருக்கிறது. முதல் நாள் பாடி முடித்துவிட்டு ஓடி வந்தாள். "மேடையில எனக்குக் காதே நீங்கதான் அண்ணா" என்றாள். அந்த வார்த்தையை நான் மறந்ததே இல்லை.

அவளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிந்துரைத்தேன். அது என் கடமை. கூட்டம் வர ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் ஒரு சினிமா இசையமைப்பாளரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கேட்டுவிட்டுப் போக ஆள் அனுப்புவதாகவும், சரிப்பட்டால் குடும்பத்தோடு அங்கேயே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்களாம். தலைகால் புரியாத சந்தோஷத்தில் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னாள். போகலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் சொன்னால் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் போகாதே என்று சொல்ல நான் யார்? அடுத்தவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிற ஆள் நான் இல்லை. நல்லபடியாகப் போய் வா என்றுதான் சொன்னேன்.

அந்தக் காதுக் கருவிக்கு ஒரு தடுப்பு உண்டு. சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டேன். எடுத்ததால் உடனே எதுவும் ஆகிவிடவில்லை. வழி திறந்தது, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு நூல் அளவு கூட்டினேன். கூட்டியது தெரியாத அளவுக்கு. கொஞ்ச நாளில் நானாகக் கூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. "என் குரல் எனக்கே எட்ட மாட்டேங்குது அண்ணா, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று அவளே கேட்டாள். வைத்தேன். பாடுகிறவர் கேட்பதைக் கொடுப்பதுதான் சவுண்ட்காரனின் வேலை. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

குளியலறையிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், இவளுக்குக் கேட்கவில்லை. அம்மா தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று குழந்தை அழுததாம். அதைச் சொல்லும்போது தையல்காரி சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்ட ஆரம்பித்தாள். மெஷின் ஓடுகிறதா என்று அறிய அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். நான் படியில் நின்று பார்த்திருக்கிறேன். பார்க்க முடியாத காட்சி அது. என்னால் என்ன செய்ய முடியும்?

மேடையில் சுருதி விலகியது. முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சினிமா அலுவலகத்திலிருந்து வந்த ஆள் இரண்டு பாட்டு கேட்டார், போனைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அவள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காது டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். கணவருக்கு அன்று வேலை இருந்தது. அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு காது ஏறக்குறைய போய்விட்டது, இன்னொன்றில் விசில் சத்தம் நிற்காது என்றார் டாக்டர். இரைச்சலான இடத்தில் வேலையா என்று கேட்டார். தையல் மெஷின்தான் என்றாள். ஆமாம், பழைய மெஷின் என்று நானும் சொன்னேன். மறுநாள் அதைப் பிரித்து எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சிக்கு முன் ஒத்திகை பார்த்தபோது டிரம்மரின் காதுக் கருவி வேலை செய்யவில்லை. மனைவியின் கருவியை எடுத்துத் தன் காதில் வைத்தார். ஸ்டூலோடு சாய்ந்து விழுந்தார். கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, அரங்கின் மறுகோடியில் இருந்த என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லி அப்போதே சமாளித்திருக்கலாம். அதற்குள் என் விரல் தானாகப் போய் அந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டது.

ஆக, செய்தது நான்தான். கைப்பிசகு இல்லை, கருவியின் கோளாறும் இல்லை. தெரிந்து, பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் அவள் பாடியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அந்தக் குரல் இனி மாறாது. யாரும் அதற்கு மாவு பூசிப் பொட்டு வைத்து ஆடவிட முடியாது. இப்போது அவளை யாரும் அழைப்பதில்லை, பெயர்கூடப் பலருக்கு மறந்துவிட்டது. என் நிகழ்ச்சிக்கு அவளைவிடத் தகுதியானவர் இல்லை. எவ்வளவு நல்ல பாடகி என்று அந்தப் பதிவைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

நேற்று கணவரோடு இங்கே வந்திருந்தாள். இப்போதெல்லாம் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரிவதில்லை. போலீஸ் ஸ்டேஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என் பாட்டு பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே அண்ணா. நான் விட்டிருப்பேனே" என்றாள்.

உன் பாட்டைப் போல எதுவும் எனக்குப் பிடித்ததில்லை என்று சொன்னேன். வானொலியில் பேசுகிற மாதிரி, எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு நான் என்ன சொன்னேன் என்று கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து எனக்கு அந்த ஒரு வருத்தம்தான். இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துப் பேசியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும்.