என் குடுவையில் கைவைத்தாள் என்று நான் கொடுத்த புகார் குறித்து

என் பெயரும் விலாசமும் முன்பு கொடுத்த புகாரில் கண்டபடி. வயது நாற்பத்தொன்று. நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளராக இருக்கிறேன். நான் குற்றம் சாட்டியது என் ஓரகத்தியை, அதாவது என் கொழுந்தனின் மனைவியை. ஒரே வீடு, ஒரே ஆய்வுக்கூடம், அடுத்தடுத்த மேசை.

நாங்கள் பாக்டீரியா வளர்க்கிறோம். தினமும் பழைய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குடுவையில் விடுவோம். அதில் அவற்றுக்குத் தின்னத் தெரியாத ஒரு சர்க்கரை நிறைய இருக்கும். என்றைக்காவது தின்னப் பழகினால் பெருகும், தண்ணீர் கலங்கும். செல் பிரியும்போது சில சமயம் ஒரு ஜீன் தவறுதலாக இரண்டாகிவிடும், அங்கேதான் ஆரம்பம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த காவலர், "புரியற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார். வீட்டில் இரண்டு மருமகள் இருந்தால் மூத்தவள் அடுப்படியில் வேகுவாள், சின்னவள் ஹாயாகப் புது வித்தை கற்பாள், ஜீனும் அப்படித்தான் என்றேன். ஒன்று பழைய வேலையைப் பார்க்கும், மற்றது கொஞ்சம் கொஞ்சமாக மாறிப் புது வேலைக்குப் பழகும். எங்கள் வீட்டில் மூத்தவள் நான்.

சென்ற மாதம் என் குடுவை கலங்கியது. உறுதிசெய்துகொண்டு சொல்லலாம் என்று மூச்சுவிடவில்லை. அதன் பின்னர் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது என் வளர்ப்புப் பெட்டி பழுதாகி, ஓரகத்தி என் குடுவைகளைத் தன் பெட்டிக்கு மாற்றினாள். அதன் பின்னர் அவளுடையதும் கலங்கியது. முதலில் அறிவித்தவள் அவள். பிரிவுத் தலைவியாகவும் ஆக்கிவிட்டார்கள். மாமியார் என்னிடமே, "சின்னவளைப் பாத்துக் கத்துக்கோ" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் குடுவையிலிருந்து சொட்டுத் திருடித் தன்னுடையதில் விட்டாள் என்று இயக்குநரிடமும் இங்கேயும் புகார் கொடுத்தேன். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மறுநாள் அவள் மேசையில் என் டப்பாவை வைத்துத் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

அதன் பின்னர் திருட்டை நிரூபிக்க இரண்டு குடுவைகளின் ஜீன்களையும் நானே சோதித்தேன். என்னுடையதில் இரண்டாகி மாறியது ஒரு ஜீன், அவளுடையதில் வேறொரு ஜீன். என் சொட்டு அங்கே போயிருந்தால் என்னுடைய மாற்றமும் அங்கே இருக்க வேண்டும். இல்லை. மறுபடி செய்தேன், இல்லவே இல்லை. போதாக்குறைக்கு அவளுடையது சர்க்கரையை இன்னும் வேகமாகத் தின்கிறது, சனியன்.

இது வெளியே யாருக்கும் தெரியாது. நாளை ஆய்வுக்கூடத்தின் விசாரணைக் குழு கூடினால் அவளுக்கு வேலை போய்விடும். என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர், "உனக்கு எதுக்கு வம்பு, பேசாம இரு" என்றார். இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலை அவள் என் தட்டில் பரிமாறியபடியே, "அக்கா, நிஜமாவே நான் எடுத்தேன்னு நினைச்சீங்களா?" என்றாள். கைகழுவிவிட்டு நேரே இங்கு வந்தேன்.

ஆகவே புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவள் திருடவில்லை. திருடியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதில் உள்ளது யாவும் நான் என் வாயால் சொன்ன உண்மை. காவலர் படித்துக்காட்டி, நிம்மதி என்ற வரியை அடித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
புகார்தாரர்