நாங்க நல்லா வரலையா

இரவு பத்து மணி. பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகிற வீதி. ஐந்தாம் மைல் கட்டை தாண்டியதும் ஒரு வளைவு… ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை. வீடு இல்லை. வெளிச்சம் இல்லை. மழை விட்டு அரைமணி நேரம். வருஷம் 1926.

அந்த வளைவில் ஒருவர் தனியாக நடந்து வருகிறார். தோளில் தபால் பை. கையில் லாம்பு. பெயர் கந்தப்பன்.

என்னோடு படித்த தனலெட்சுமியின் பூட்டனுக்கு அண்ணன் அவர். அவள் வீட்டில் இதைப் பேசமாட்டார்கள். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். ஒன்றரை மணி நேரமாக எந்தப் படம் நல்லது, எது குப்பை என்று இங்கே அடித்துக்கொள்கிறீர்களே, அதனால் ஞாபகம் வந்தது. ஜன்னலைச் சாத்துங்கள். நடுவில் பேசாதீர்கள்.

கந்தப்பன் வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் தபால்காரர். தினமும் ஏழு கட்டை நடந்து பதுளைக்குப் போய், துரையின் கடிதங்களை வாங்கி, ஏழு கட்டை திரும்பி நடப்பார். சனிக்கிழமை மட்டும் சீமைத் தபால் மாலை ரயிலில் வரும். அதுவரை காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு பயஸ்கோப் கூடாரம் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு படம். அப்போதெல்லாம் படம் பேசாது. நடுவே எழுத்து வரும். பலீல் என்று ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சத்தமாகச் சொல்வார். கந்தப்பன் தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் படம் பார்த்தார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த ஆட்கள் பார்க்க முடியாது. துரை கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் யாரும் தோட்டத்தை விட்டு இறங்கக் கூடாது. கூடாரம் இருக்கும் வரையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் துண்டு தருவேன், எந்த ஞாயிறு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று துரை சொல்லிவிட்டார். பெரிய மனசு. நூற்றிருபது பேருக்கு ஒரு ராத்திரி.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. சனிக்கிழமை கந்தப்பன் படம் பார்த்துவிட்டு வருவார். நடு லயத்தில் மாரிசாமி வீட்டு வாசலில் எல்லாரும் விழித்திருப்பார்கள். போகலாமா, வேண்டாமா என்று அவர் சொல்லவேண்டும். அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு.

முதல் வாரம் புராணப் படம்.

"சாமிக்கு மீச ஒட்டல. சண்டைக்குப் போறப்ப ஒரு பக்கம் தொங்குது. ஆனா அம்மன் வேசம் கட்டின ஆம்பள அழுதான் பாருங்க, எனக்கே தொண்டைய அடச்சிருச்சு. இருந்தாலும் பொறுப்போம்."

இரண்டாம் வாரம் காதல் படம்.

"வெள்ளக்காரன் வெள்ளக்காரியப் பாக்குறான். அவ அவனப் பாக்குறா. பாத்தே பாதிப் படம் போச்சு. இதுக்கு எதுக்கு ஏழு கட்ட நடக்கணும்?"

மூன்றாம் வாரம் திருடன் ரயில் மேல் ஓடுகிற படம். "நல்ல படம்தான். ஆனா திருடன் யாருன்னு மொதல்லயே தெரிஞ்சுபோச்சு. தொப்பியப் பாத்தாலே தெரியுது." நான்காம் வாரம் பேய்ப் படம்.

"பேய் கதவத் தொறந்துக்கிட்டு வருது. பேய்க்கு எதுக்குய்யா கதவு?"

லயமே சிரித்தது. மாரிசாமி மட்டும், "நீ எதத்தான் நல்லாருக்குன்னு சொல்லுவ? ஒன்ன நம்பிக் காத்திருந்தா கூடாரத்தையே பிரிச்சிருவான்" என்றார்.

"அவசரப்படாதீங்க மச்சான். ஒரு துண்டுதான் இருக்கு. வீணாக்கக் கூடாது."

ஐந்தாவது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் நான் முதலில் சொன்ன அந்த இரவு.

சிரிப்புப் படம் ஒன்று ஓடியது. அது முடிந்து, ஒரு சின்னப் படம். தேயிலைத் தோட்டம். பலீல் எழுத்தைப் படித்தார். தோட்டத்தின் பெயர், வெள்ளைப்பாறை. துரையின் பெயர். துரைக்குப் பக்கத்தில் நின்ற நாயின் பெயர். அடுத்த எழுத்து, 'கூலிகள் கொழுந்து எடுக்கும் காட்சி.' அவ்வளவுதான். நாய்க்குப் பெயர் இருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் மூன்றுகால் பெட்டியோடு தோட்டத்துக்கு வந்து எடுத்த படம் அது. அந்த மழைக்காலத்தில் லயங்களில் காய்ச்சல் விழுந்தது. பதினொரு பேர் செத்தார்கள். ஆற்றோரத் தேயிலைக்குள் புதைத்தார்கள். மேலே ஒரு கல்லுகூட இல்லை.

அந்தப் பதினொரு பேரும் திரையில் வந்தார்கள். நடந்தார்கள். கொழுந்து எடுத்தார்கள். மாரிசாமியின் மகள் பாக்கியலெட்சுமி பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

நிரையின் கடைசியில் பெரியாயி. கந்தப்பனின் மனைவி.

படம் பிடித்த அன்று காலை அவளுக்கு உடம்பு கொதித்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். கந்தப்பன்தான், படம் புடிக்கிறாங்க, நல்ல சேல இருக்கிறவங்க வரணும்னு கங்காணி சொல்லிருக்காரு, எந்திரி, போ, என்று அனுப்பினார். அனுப்பிவிட்டு அவர் தபால் பையோடு பதுளைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் அவள் செத்தாள். படத்து அன்னிக்கு நல்லாத்தான் இருந்தா, அப்புறந்தான் காய்ச்சல் வந்துச்சு என்று லயம் முழுக்க அவர் சொல்லியிருந்தார். நிரையில் நின்ற மற்றவர்களும் அதே மழையில் போய்விட்டார்கள். கங்காணி சொல்லப்போவதில்லை. மறுத்துச் சொல்ல வேறு யாரும் மிச்சமில்லை.

திரையில் பெரியாயி கூடையோடு தள்ளாடினாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தலையைத் திருப்பி யாரையோ தேடினாள். கங்காணியின் கை வந்து அவளைத் தோளில் பிடித்துத் தூக்கியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்புப் படத்தின் மிச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

கந்தப்பன் அழவில்லை. ஒன்றும் தோன்றவில்லை என்றுதான் பின்னால் சொன்னாராம். தபால் பையை எடுத்தார். நடந்தார். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டார். இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லவேண்டும். திங்கட்கிழமை படத்தை மாற்றிவிடுவார்கள். யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் கட்டை. வளைவு.

பின்னால் சத்தம்… காலடிச் சத்தம் இல்லை. மூங்கில் கூடை முனகுகிற சத்தம். ஒரு கூடை இல்லை, பல கூடை. முதுகில் ஆடிக்கொண்டு வருகிற சத்தம். கூடவே வாசம். நனைந்த கம்பளி. பச்சைக் கொழுந்து.

இரவில் கொழுந்து எடுப்பார்களா? அவருக்கு அது தோன்றவில்லை. வேறு தோட்டத்து ஆட்கள், கூடாரத்திலிருந்து திரும்புகிறார்கள் என்று நினைத்தார். லாம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. வழியில் வருகிறவர்கள் முகத்துக்கு நேரே வெளிச்சம் பிடிப்பது மரியாதை இல்லை.

"கந்த மாமா," என்றது ஒரு குரல். சின்னப் பெண் குரல். "படம் எப்படி?"

யாரோ தன்னைத் தெரிந்தவள். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். மீசை ஒட்டாத சாமியைச் சொன்னார். பின்னால் சிரிப்பு. ரயில் திருடனைச் சொன்னார். "அப்புறம்?" என்றது இன்னொரு குரல். கதவு திறந்து வந்த பேயைச் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச தூரம் கூடைகள் மட்டும் முனகின.

"கடேசியா ஒண்ணு போட்டாங்களே. தோட்டத்துப் படம்."

"அது குப்பை," என்றார் கந்தப்பன். லயத்தில் சொல்ல வேண்டியதை இங்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "கொழுந்து எடுக்குறாங்க. நிறுக்குறாங்க. அதப் பாக்க எதுக்கு இம்புட்டுத் தூரம்? எங்க ஆளுங்கள வர வேணாம்னு சொல்லப்போறேன்."

கூடைகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில்.

மேட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். டொக்… டொக்…

"ஏன் மாமா," என்றது அந்தச் சின்னக் குரல். "நாங்க நல்லா வரலையா?"

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. லாம்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் காலடியில் அவருடைய நிழல் மட்டும்.

பிறகு, மிகப் பக்கத்தில், வலது தோளுக்குப் பின்னால்…

"என்னங்க. இந்தக் கூடையக் கொஞ்சம் புடிங்க. ஒக்காந்துக்கிறேன்."

கோபம் இல்லாத குரல். அன்று காலை எந்திரிக்கச் சொன்னபோது பேசிய அதே களைத்த குரல். அவர் வலது கையைப் பின்னால் நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்குத் தெரியாது. ஈரமான கூடை விளிம்பு கையில் வந்து உட்கார்ந்தது. கனம். விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். பின்னால் யாரோ மண்ணில் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள்.

எவ்வளவு நேரம் நின்றார் தெரியாது. லாம்பில் எண்ணெய் தீர்ந்தது. நீட்டிய கையில் ஒன்றும் இல்லை. அவர் நடந்தார்.

லயத்தில் எல்லாரும் விழித்திருந்தார்கள். "என்னய்யா இவ்வளவு நேரம்?" என்றார் மாரிசாமி. "இந்த வாரமாவது தேறுமா?"

கந்தப்பன் வாசலில் நின்றார். உட்காரவில்லை.

"நாளைக்கு எல்லாரும் போங்க," என்றார். "நம்ம ஆளுங்க இருக்காங்க அதுல. பதினொரு பேரும் இருக்காங்க." தபால் பையை இறக்கி வைத்து, "பெரியாயிக்கு அன்னிக்கே காய்ச்சல். போகமாட்டேன்னா. நாந்தான் அனுப்பினேன். அதும் அதுல தெரியும். பாத்துக்குங்க" என்றார்.



ஞாயிறு நூற்றிருபது பேரும் துண்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கந்தப்பன் போகவில்லை. லயத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நடுச்சாமத்துக்கு மேல்தான் திரும்பி வந்தார்கள். பெண்கள் நேராக உள்ளே போய்விட்டார்கள்.

மாரிசாமி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம்மவ சிரிச்சா," என்றார். "ரெண்டு தடவ சிரிச்சா."

"ம்."

"நல்ல படம்."

"ம்."

"நேத்து நீ சொன்னியே, நீதான் அனுப்பினேன்னு. எதுக்கு அப்படிச் சொன்ன? நீயும்தான அங்க இருந்த."

கந்தப்பன் அவரைப் பார்த்தார்.

"பெரியாயி ஒக்காந்துட்டா. கங்காணி வந்தான். நீ பக்கத்துல நின்ன. வலது கையில அவ கூடை. கங்காணி உன்னப் பாத்துட்டுப் போய்ட்டான். படம் முடியிற வரைக்கும் அவ எந்திரிக்கல. நீ கூடையக் கீழ வைக்கல."

மாரிசாமி எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நீயும் நல்லாத்தான் வந்திருக்க."

அதற்குப் பிறகு கந்தப்பன் பதினாறு வருஷம் இருந்தார். தபால் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். எந்தப் படத்தையும் நல்லது, குப்பை என்று சொல்லவில்லை. ஆற்றோரத் தேயிலைக்குள் அவரைக் குழியில் இறக்கும்போது கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து வைக்கப் பார்த்தார்களாம். இடது கை மடிந்தது. வலது கை விரல்கள் எதையோ பிடித்த மாதிரி வளைந்தே இருந்தன. யாரோ குனிந்து விரித்துப் பார்த்திருக்கிறார்கள்…

உள்ளங்கை ஈரமாக இருந்ததாம். அதில் கொழுந்து வாசம் அடித்ததாம்.